பின்னால் சுடுவதா, தாமதமாகச் சுடுவதா? 1966-இன் உளவுக் காமெடித் துப்பாக்கிகள்

ஜேம்ஸ் பாண்ட் படங்கள் வசூலை அள்ளத் தொடங்கியதும் ஹாலிவுட்டில் ஆளாளுக்கு ஓர் உளவாளியைக் களமிறக்கினார்கள். பாண்டைக் கிண்டலடிக்க வந்தவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. நம்ம ஆள் கையில் என்ன துப்பாக்கியைக் கொடுப்பது? பாண்டின் வால்தர் பிபிகே கைத்துப்பாக்கி அதற்குள் ஊரறிந்த அடையாளம். அதையே கொடுத்தால் நகல் என்பார்கள். வேறு எதையாவது கொடுத்தால் அதில் ஏதாவது விஷயம் இருக்க வேண்டும்.

இதற்கு வந்த பதில்களில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டீன் மார்ட்டின் உளவாளி மாட் ஹெல்மாக நடித்த 'தி சைலன்சர்ஸ்', அதே 1966-இல் வந்த அதன் அடுத்த பாகம் 'மர்டரர்ஸ் ரோ', ஜேம்ஸ் கோபர்ன் நடித்த 'அவர் மேன் ஃபிளின்ட்' (இதுவும் 1966), அப்புறம் 1964-இல் தொடங்கிய 'தி மேன் ஃப்ரம் அங்கிள்'. கடைசியாகச் சொன்னது டிவி தொடர்; 'அங்கிள்' அதில் வரும் உளவு அமைப்பின் பெயர். முழுக் காமெடியும் இல்லை, கேலி கலந்த சாகசம். ஆனால் அதன் எபிசோடுகளைத் தைத்துப் படமாக்கித் தியேட்டர்களிலும் ஓட்டினார்கள். அந்தக் கணக்கில் உள்ளே வருகிறது.

அழகுப் போட்டி வைத்தால் அங்கிள் துப்பாக்கிதான் ஜெயிக்கும். ஒரு கைத்துப்பாக்கி, அதன் முனையில் நீட்டிப்புக் குழல், மேலே தொலைநோக்கி, பின்னால் தோளில் பொருத்தும் கட்டை, அடியில் தோட்டாக்களை அடுக்கும் நீளமான மேகசின். ஒவ்வொன்றாக மாட்டினால் பையில் இருந்த பிஸ்டல் ரைஃபிள் ஆகிவிடும். முதலில் இதைச் செய்தது 7.65 மி.மீ. மௌசர் 1934-ஐ வைத்து. அது அடிக்கடி சிக்கிக்கொண்டது. போதாததற்கு உருவமும் சிறியது. மாட்டிய உதிரிகளுக்கு நடுவே துப்பாக்கி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பிறகு ஜெர்மன் ராணுவம் இரண்டாம் உலகப்போரில் பயன்படுத்திய 9 மி.மீ. வால்தர் பி38-க்கு மாறினார்கள். அதன் பிறகு நடிகர்களுக்கு வருவதைப் போலத் துப்பாக்கிக்கே ரசிகர் கடிதங்கள் வந்தன. பொம்மைக் கடைகளிலும் விற்றது.

ஆனால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. தொடரின் நாயகன் ராபர்ட் வான் அதை மாட்டி முடிக்கும் நேரத்தில் வில்லன் பஸ் பிடித்து ஊருக்கே போய்விடலாம் என்று நமக்குத் தோன்றும். தொடர் அந்தப் பக்கமே போகவில்லை. துப்பாக்கியை ரொம்ப மரியாதையோடு காட்டுகிறது. காமெடிக்கு அந்த மரியாதை ஆகாது.

ஃபிளின்ட் நேர் எதிர்த் திசையில் போகிறார். மேலதிகாரி பாண்ட் பாணியில் வால்தர் பிபிகேயையும் ரகசியப் பெட்டியையும் நீட்டுகிறார். இதெல்லாம் நயமில்லாத சாமான் என்கிற தோரணையில் ஃபிளின்ட் வேண்டாம் என்றுவிடுகிறார். அவரிடம் இருப்பது ஒரு சிகரெட் லைட்டர். 82 வேலைகள் செய்யுமாம்; சுருட்டு பற்றவைத்தால் 83. திரைக்கதை எழுத்தாளரின் பார்வையில் இது கெட்டிக்கார பதில். பாண்டை அவருடைய ஆயுதத்தாலேயே ஒரு தட்டுத் தட்டிவிட்டார்கள், செலவு ஒரு லைட்டர். ஆனால் சிரிப்பு முழுக்க அந்த வசனத்தில் இருக்கிறது. அடுத்து லைட்டர் என்ன செய்தாலும் 'சரி, 82-இல் இதுவும் ஒன்று' என்று ஏற்றுக்கொள்கிறோம். எதையும் செய்யக்கூடிய பொருளிடம் எதிர்பார்ப்பும் இருக்காது, ஏமாற்றமும் இருக்காது. ஃபிளின்ட் ஜெயிப்பார் என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. கிண்டலுக்கு ஆளான அந்தப் பிபிகேயின் சொந்த வரலாறே பாதிக் காமெடிதான். 1962-இல் 'டாக்டர் நோ' படத்தில் பிபிகே என்று சொல்லி பாண்டிடம் கொடுக்கிற துப்பாக்கி உண்மையில் அதன் அண்ணன் வால்தர் பிபி. குழல் சற்று நீளம். அடுத்த ஆண்டு 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' விளம்பரப் புகைப்படம் எடுக்கும்போது பிபிகேயைக் கொண்டுவரவே மறந்துவிட்டார்கள். புகைப்படக்காரர் டேவிட் ஹர்ன் தன்னிடம் இருந்த வால்தர் காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்தார். பாண்டாக நடித்த ஷான் கானரி கன்னத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கும் அந்த நீண்ட குழல் குறிசுடும் பயிற்சிக்கானது. அது 2010-இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,77,250 பவுண்டுக்குப் போனது.

சரி, மாட் ஹெல்முக்கு வருவோம். உண்மையான போட்டி அவருடைய இரண்டு துப்பாக்கிகளுக்கு இடையில்தான்.

'தி சைலன்சர்ஸ்' படத்தில் இருப்பது பின்பக்கமாகச் சுடும் துப்பாக்கி. எதிரி அதைப் பிடுங்கி ஹெல்மைக் குறிபார்த்து விசையை அழுத்தினால் குண்டு அவன் மார்பிலேயே பாயும். விதி ஒரே வரி. முதல் ஆள் விழுந்ததும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் புரிந்துவிடும். அதற்கப்புறம் வேடிக்கை, அடுத்தவன் அதை எப்போது கையில் எடுப்பான் என்று காத்திருப்பதில். இதில் டீன் மார்ட்டினுக்கு வேலையே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். பாதித் தூக்கத்தில் இருப்பவரைப் போல நடிக்கும் அவருக்கு, துப்பாக்கியை இழப்பதன் மூலமே ஜெயிக்கும் ஆயுதம் அளவெடுத்துத் தைத்தது போல உட்காருகிறது.

குறை என்னவென்றால் இந்த ஜோக்குக்கு ஒரே வடிவம்தான். எடுப்பான், சுடுவான், விழுவான். இரண்டாம் முறை சிரிப்பு ஏறும், மூன்றாம் முறை நிற்கும், நான்காவதில் இறங்கிவிடும்.

'மர்டரர்ஸ் ரோ' படத்துக்கு யோசித்தது தாமதமாகச் சுடும் துப்பாக்கி. விசையை அழுத்தினால் ஒன்றும் ஆகாது. சில விநாடிகள் கழித்துத்தான் வெடிக்கும். ஏன் சுடவில்லை என்று சுட்டவன் குழலைத் தன் பக்கம் திருப்பிப் பார்க்கிறான். நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்தச் சில விநாடிகள் முழுவதும் தியேட்டர் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும். முந்தைய துப்பாக்கியில் சிரிப்பு ஒரு நொடியில் முடிந்துவிடும், இங்கே அதை இழுக்கலாம். அந்த இடைவெளியில் துப்பாக்கி கை மாறலாம், கீழே விழலாம், வேறு யாரையாவது பார்த்துத் திரும்பியிருக்கலாம். ஒரே பொருளில் இருந்து எத்தனையோ காட்சிகள் எழுத முடியும். படம் அந்த வாய்ப்பில் பாதியைக்கூடப் பயன்படுத்தவில்லை என்பது என் வருத்தம்.

படப்பிடிப்புத் தளத்தின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும். சினிமாவில் சுடுவதற்குப் போடுவது பிளாங்க், அதாவது மருந்து இருக்கும், குண்டு இருக்காது. ரிவால்வருக்கு இது பிரச்சினையே இல்லை. உருளையைச் சுற்றுவது நடிகரின் விரல்தான். தானியங்கி பிஸ்டலோ ஒவ்வொரு வெடியின் விசையை வைத்துத்தான் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிறது. குண்டில்லாமல் அந்த அழுத்தம் போதாது. அதனால் குழலுக்குள் துவாரத்தைக் குறுக்கும் அடைப்பானைப் பொருத்தி அழுத்தத்தைக் கூட்டுவார்கள். பிபிகே மாதிரி எளிய அமைப்புக்கு பெரும்பாலும் அது போதும். பி38-இல் குழலும் அதைப் பூட்டிவைக்கும் பகுதியும் சேர்ந்து பின்னால் நகர வேண்டும் என்பதால் உள்ளேயும் கைவைக்க வேண்டிவரும். ஆக அழகில் முதலிடம் பிடித்த அங்கிள் துப்பாக்கி தொல்லையிலும் முதலிடம். ஹெல்மின் இரண்டு துப்பாக்கிகளும் தத்துவப்படி வெறும் மரக்கட்டையாக இருந்தாலும் போதும். வெடிச்சத்தமும் விழுகிற நடிகரும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்வார்கள்.

மரக்கட்டையாக இருப்பதே நல்லது என்றும் சொல்வேன். குண்டு இல்லை என்பதால் பிளாங்க் பாதுகாப்பானது ஆகிவிடாது. 1984 அக்டோபரில் 'கவர் அப்' என்ற அமெரிக்க உளவுத் தொடரின் தளத்தில், நடிகர் ஜான் எரிக் ஹெக்ஸம் ஷாட்டுகளுக்கு நடுவே பிளாங்க் போட்ட ரிவால்வரை விளையாட்டாகத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விசையை அழுத்தினார். வெடித்த வேகத்தில் மண்டையோடு உடைந்தது. சில நாட்களில் இறந்துபோனார், வயது 26. குழலுக்குள் எட்டிப்பார்ப்பதையே ஜோக்காக வைத்திருக்கும் ஒரு காட்சியை இன்று யாராவது எடுத்தால் சுடும் துப்பாக்கியைத் தளத்துக்குள்ளேயே விடக் கூடாது.

ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் என் ஓட்டு தாமதத் துப்பாக்கிக்கு. ஆனால் எந்தப் படத்தை முதலில் பார்க்கலாம் என்று கேட்டால் 'தி சைலன்சர்ஸ்' என்பேன். யோசனை அங்கே சின்னது, ஆனால் கடைசிப் பைசா வரை செலவழித்திருக்கிறார்கள். கோட்டுப் பொத்தான்களைக் கழற்றி வெடிகுண்டாக வீசும் காட்சிகளும் அதே படத்தில்தான் இருக்கின்றன.