டயர் சைஸை மாற்றச் சொல்கிறார்களா? 48,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்

48,500 ரூபாய். தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் ஏன் இவ்வளவு கொதிப்போடு எழுதுகிறேன் என்று புரியும்.

கடை கோவையில். பெயர் போடப் போவதில்லை, போட்டால் அதற்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வரும், அதற்கும் நான்தான் செலவழிக்க வேண்டும். அலைன்மென்ட், பேலன்சிங், அலாய் எல்லாம் ஒரே இடத்தில் என்று பெரிய போர்டு வைத்திருக்கும் வகைக் கடை. ஏசி அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கண்ணாடி வழியாக நம் கார் லிஃப்டில் ஏறுவதைப் பார்க்கலாம்.

என் வண்டி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. கம்பெனியிலிருந்து வரும்போதே டயர் 165/80 ஆர்14, அதாவது 165 மில்லிமீட்டர் அகலம், 14 இஞ்ச் ரிம். ஸ்டீல் ரிம். நாலு டயரும் தேய்ந்துவிட்டன, அதே சைஸில் நாலு டயர் வாங்கப் போனேன். அவ்வளவுதான் வேலை.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பையன்களை ஏவாமல் தானே குத்த வைத்து உட்கார்ந்து ஒவ்வொரு டயராகத் தடவிப் பார்த்தார். பள்ளத்துக்குள் இருக்கும் அந்தச் சின்ன மேட்டை நகத்தால் தொட்டு, "இது மட்டத்துக்கு வந்துட்டா டயர் முடிஞ்சுதுங்கண்ணா, 1.6 மில்லிதான் மிச்சம்" என்றார். சரியான தகவல். அடுத்துதான் என்னை விழ வைத்தார். டிக்கியைத் திறக்கச் சொல்லி ஸ்டெப்னியைப் பார்த்துவிட்டு, "இது அப்படியே புதுசாட்டம் இருக்குதுங்க. இதை மாத்தாதீங்க, காசு தண்டம்" என்றார். நான் மாற்றுவதாகச் சொல்லவே இல்லை. இருந்தாலும் விற்க வந்த ஆளே வேண்டாம் என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? இவர் நம்ம ஆள் என்று தோன்றிவிட்டது. அதற்கப்புறம் அவர் சொன்னதெல்லாம் எனக்கு வேதவாக்கு.

"அண்ணா, 14 இஞ்ச்லயே இருந்தா வண்டி இன்னும் பத்து வருசத்துக்கு டாக்ஸி மாதிரிதான் தெரியும். 15 இஞ்ச் அலாய் போடுங்க. ரோடு கிரிப் வேற லெவல்ங்க." எந்த சைஸ் டயர் என்று கேட்டேன். 205/65 ஆர்15 என்றார். ஸ்விஃப்டின் டாப் மாடலுக்கு 185/65 ஆர்15 அல்லவா வரும் என்றும் கேட்டேன். ஆமாம், கேட்டேன். அதற்கு, "185 இப்ப ஸ்டாக் இல்லீங்க. அது கம்பெனிக்காரன் மைலேஜ் காட்டறதுக்காகப் போடறது. 205 இன்னோவாவுக்கே போடற டயருங்கண்ணா, உங்க வண்டிக்கு ராஜா மாதிரி நிக்கும். உரசுச்சுன்னா நான் இருக்கேன், கழட்டிக் குடுத்துடறேன்."

"நான் இருக்கேன்." இந்த இரண்டு வார்த்தைக்கு விலை 48,500 ரூபாய்.

பழைய டயர், ஸ்டீல் ரிம் எல்லாவற்றையும் எக்ஸ்சேஞ்சில் கழித்தது போக இந்தத் தொகை. யுபிஐயில் அடித்தேன். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில்னா ரேட் ஏறுமுங்க, எஸ்டிமேட் தர்றேன், வாரண்டிக்கு அதுவே போதும்" என்று ஒரு சீட்டு கொடுத்தார். அந்தச் சீட்டு இப்போது என் முன்னால்தான் இருக்கிறது. "டயர் + அலாய் 4 செட்" என்று எழுதி, கீழே தொகை. சைஸ் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, கடை முத்திரைகூட இல்லை.

ஊருக்குள் ஓட்டும்போது ஸ்டியரிங் கொஞ்சம் கனமாக இருந்தது, அவ்வளவுதான். 80-ஐத் தாண்டினால் ஒரு நடுக்கம். புதுசு, பழகிவிடும் என்று விட்டேன். அப்புறம் வால்பாறை போனோம். வீட்டில் எல்லோரும், டிக்கி நிறையப் பை. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள் என்பது போனவர்களுக்குத் தெரியும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும் ஒவ்வொரு வளைவிலும் முன் சக்கரத்திலிருந்து "கரக்... கரக்..." என்று சத்தம். மேலே போய் இறங்கிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தால், சக்கரத்துக்கு மேலே வளைவாக இருக்கும் வீல் ஆர்ச்சுக்குள் உள்ள பிளாஸ்டிக் லைனர் ஒரு பக்கம் மழமழவென்று தேய்ந்து, ஓரம் கிழிந்து தொங்குகிறது. டயரின் தோள்பட்டையில் வட்டமாக ஒரு கோடு. அம்மா முகத்தைப் பார்த்தேன். கீழே இறங்கும்போது 40 வளைவையும் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

கடைக்குப் போனால், முதல் பதில்: "புது டயருங்கண்ணா, ஒரு 500 கிலோமீட்டர் ஓடட்டும், செட் ஆயிடும்." டயர் ஓட ஓட சுருங்குமா என்ன? அடுத்த முறை: "லோடு ஜாஸ்தி ஏத்திட்டீங்க." ஐந்து பேர் உட்காரும் காரில் ஐந்து பேர் உட்கார்ந்தது ஓவர்லோடாம். அதற்கப்புறம் ஒரு பையன் வந்து, "லைனரை ஹீட் பண்ணி உள்ள தள்ளி விட்டர்றேன், இல்லைன்னா அந்த எடத்தை மட்டும் வெட்டிர்லாம்" என்றான். வண்டியை வெட்டி டயருக்குப் பொருத்துவார்களாம். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், என் பழைய ரிம்மாவது கொடுங்கள் என்றேன். "அது அன்னைக்கே போயிடுச்சுங்களே." அன்றோடு "அண்ணா" போய் "சார்" ஆகிவிட்டேன். இப்போது போன் அடித்தால் "ஓனர் ஊர்ல இல்லீங்க" என்று ஒரு குரல். பின்னாலேயே ஓனரின் குரலும் கேட்கிறது.

வேறொரு சின்னக் கடையில் காட்டினேன். அந்தப் பெரியவர் சக்கரத்தைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். டயரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். என்னுடையதில் 1121. அதாவது 2021-ஆம் வருடம் 11-ஆவது வாரத்தில் செய்த டயர். நாலும் அதே ரகம். இந்தத் தேதி பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். நாலு சக்கரத்திலும் அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டியிருக்கிறார்கள். ராஜா மாதிரி நிற்கும் என்று சொன்னது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. இன்னோவாவுக்கு என்று வாங்கிப் போட்டு விற்காமல் கிடந்த பழைய சரக்கை என் தலையில் கட்டியிருக்கிறார். 80-க்கு மேல் வரும் நடுக்கத்துக்கும் பெரியவர் காரணம் சொன்னார். அலாயின் நடு ஓட்டை, சக்கரம் உட்காரும் நடுப்பகுதியான ஹப்பைவிடப் பெரிசு. இடைவெளியை அடைக்க ஒரு ரிங் போட வேண்டும். சில நூறு ரூபாய் சாமான், அதைக்கூடப் போடவில்லை.

அப்புறம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எட்டாம் வகுப்புக் கணக்குதான். 165/80 ஆர்14 என்றால் பக்கச் சுவர் உயரம் 165-இல் 80 சதவீதம், 132 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 264. 14 இஞ்ச் ரிம் 355.6. மொத்தம் 619.6. கம்பெனி கொடுக்கும் 185/65 ஆர்15-க்கு இதே கணக்கைப் போட்டால் 621.5. வித்தியாசம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. ரிம் பெரிதானால் சுவரைக் குறைத்து, மொத்த உயரத்தை மாற்றாமல் வைத்திருக்கிறான் கம்பெனிக்காரன். எனக்கு மாட்டிய 205/65 ஆர்15? 647.5. கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர் பெரிசு, நாலரை சதவீதம். அகலமும் 40 மில்லிமீட்டர் கூடுதல். உரசாமல் என்ன செய்யும்?

இதில் இன்னொரு கூத்து, ஸ்பீடாமீட்டர் சக்கரம் சுற்றுவதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. சக்கரம் பெரிசானதும் முள் முன்பு காட்டியதைவிடக் குறைத்துக் காட்டுகிறது, ஓடிய கிலோமீட்டரும் குறைவாகவே பதிவாகிறது. லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 16 காட்டுகிறது. நாலரை சதவீதத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் 17-ஐத் தொடவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் ஆரம்பித்தேன். கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், உங்கள் வண்டிக்கு உரிய சைஸும் காற்றழுத்தமும் அதில் இருக்கிறது. போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ரிம் பெரிசாக வேண்டுமென்றால் அதே காரின் மேல் மாடலுக்கு வரும் சைஸ் மட்டும், வேறு எதுவும் வேண்டாம். சைஸுக்குப் பக்கத்தில் 85டி என்பது போல எழுதியிருக்கும், அதில் 85 என்ற எண்தான் எடை தாங்கும் அளவைக் குறிப்பது, பழையதைவிடக் குறையக் கூடாது. அந்த நாலு எண் தேதியை மாட்டுவதற்கு முன்னால் பாருங்கள். பழைய டயரையும் ரிம்மையும் அன்றே கொடுத்துவிடாதீர்கள். எஸ்டிமேட் சீட்டை மூஞ்சியில் திருப்பி வீசிவிட்டு பில் கேளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். வாங்கிய மதிப்பு 5 லட்சம் வரை இருந்தால் அங்கே வழக்குக்குக் கட்டணம் கிடையாது. யுபிஐ ரசீது, அந்தச் சீட்டு, 1121 தெரியும்படி எடுத்த போட்டோ, கிழிந்த லைனர் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. 48,500 ரூபாயை விடுவதாக இல்லை.

கோவைப் பக்கம் யாரிடமாவது ஸ்விஃப்டின் 14 இஞ்ச் ஸ்டீல் ரிம் நாலு சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்கிறேன். அலாயைப் பார்த்தாலே எரிகிறது.