கம்ப்யூட்டர் வேண்டாம் என்பவருக்கு ஸ்மார்ட் டிவியா, ஸ்டிக்கா?

“கம்ப்யூட்டர் சோலியெல்லாம் நமக்கு வேண்டாம் மக்ளே” என்று சொல்லிக்கொண்டேதான் மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் வயதான அம்மாமார் டிவி கடை ஏறுவார்கள். வளைகுடாவில் இருக்கும் பேரப்பிள்ளையின் வீடியோவும் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவும் பெரிய திரையில் தெரிந்தால் போதும். கடைக்காரர்களான நாம் அவர்களுக்குப் பழைய டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகி யூடியூப் பார்க்கும் ஸ்டிக்கைக் கொடுப்பதா, புது ஸ்மார்ட் டிவியா?

விலையில் ஸ்டிக்தான் மலிவு. அதில் பேச ஒன்றுமில்லை. ஆனாலும் என் ஓட்டு ஸ்மார்ட் டிவிக்கு. காரணம் ரிமோட்.

ஸ்டிக் வந்தால் வீட்டில் மூன்று ரிமோட்: டிவிக்கு, கேபிள் பாக்ஸுக்கு, ஸ்டிக்குக்கு. சீரியல் முடிந்து யூடியூபுக்குப் போக டிவி ரிமோட்டில் சோர்ஸ், அம்புக்குறி, எச்டிஎம்ஐ 2, ஓகே. அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்த ரிமோட். கை தவறினால் நீலத் திரையில் ‘நோ சிக்னல்’. உடனே கடைக்கு போன்: “டிவி போச்சு மக்ளே.” மழையில் கரண்ட் போய் வந்து, டிவி வேறு இன்புட்டில் எழுந்தாலும் இதே போன்தான்.

இதற்கு மருந்து உண்டு. எச்டிஎம்ஐ கேபிள் வழியாக ஒரு கருவி இன்னொன்றை இயக்கும் எச்டிஎம்ஐ-சிஇசி வசதி டிவியில் இருந்தால் ஸ்டிக்கின் ஹோம் பட்டனே டிவியைச் சரியான இன்புட்டுக்குத் திருப்பிவிடும். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று செட்டிங்ஸுக்குள் ஒளிந்திருக்கும். பழைய மலிவு டிவியில் இதை நம்பி விற்காதீர்கள். டிவியின் யூஎஸ்பி துளையில் ஸ்டிக்குக்குக் கரண்ட் எடுப்பதும் வம்பு. பழைய துளை அரை ஆம்பியர்தான் தரும். படம் ஓடும்போதே ஸ்டிக் அணைந்து எழும். பெட்டியில் வரும் அடாப்டரையே மாட்டுங்கள்.

ஸ்மார்ட் டிவி ரிமோட்டில் யூடியூபுக்குத் தனிப் பட்டன் இருக்கும் மாடலாகப் பாருங்கள். எந்த இன்புட்டில் நின்றாலும் ஒரே அமுக்கு. கடையில் காட்டும்போது ஆப், லாகின் என்ற பேச்சே வேண்டாம். ரிமோட்டை அவர் கையில் கொடுங்கள். மைக் பட்டனை அமுக்கிப் பிடித்து “கோட்டாறு திருவிழா” என்று அவரே சொல்லட்டும். நம்ம ஊர் இழுவைப் பேச்சு சிலர் வாயில் டிவிக்குப் பிடிபடும், சிலர் வாயில் பிடிபடாது. அது கடையிலேயே தெரிந்துவிட வேண்டும். வேண்டாத பட்டன்கள்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொடுங்கள். வளைகுடாவில் இருக்கும் மகனின் கூகுள் கணக்கிலேயே லாகின் செய்துவிட்டால், அவர் அங்கிருந்து வீடியோவைப் பிரைவேட்டாக ஏற்றிப் பிளேலிஸ்ட்டில் சேர்ப்பதை அம்மா இங்கே பார்ப்பார்.

குறையும் சொல்ல வேண்டும். 1 ஜிபி ரேம், 8 ஜிபி ஸ்டோரேஜ் டிவி சில வருடத்தில் திணறும். யூடியூப் சேர்த்துவைக்கும் தற்காலிக ஃபைல்களை (கேஷ்) அழித்துக் கொடுத்தாலும் மறுபடி அதே கதை. 2 ஜிபி, 16 ஜிபிக்குக் கீழே விற்காமலிருப்பது நல்லது.

கையிலிருக்கும் டிவி நல்ல நிலையில் இருக்கிறது, சிஇசி ஒழுங்காக வேலை செய்கிறது, வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தியும் இருக்கிறாள் என்றால் ஸ்டிக்கே போதும்.