ஜாஷுவா ட்ரீ பூங்காவில் எந்த முகாம்? பாறைகளுக்கு நடுவே நான்கு இடங்களின் ஒப்பீடு

கலிபோர்னியாவின் ஜாஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் பாறைகளுக்கு நடுவே கூடாரம் போட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் படங்களைப் பார்த்தே முகாமைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் இங்கே ஒப்பிடும் நான்கு முகாம்களிலும் பாறை ஏறத்தாழ ஒன்றுதான். நிலத்தின் ஆழத்தில் குளிர்ந்து இறுகிய மான்சோகிரானைட் என்னும் கருங்கல் வகையின் விரிசல்களில் நீர் இறங்கி முனைகளை அரித்து உருண்டையாக்கியது. பிற்காலத்தில் மேலிருந்த மண் அடித்துச் செல்லப்பட்டபோது அந்தக் குவியல்கள் வெளியே வந்தன. மாறுபடுவன உயரம், இருள், தண்ணீர் கிடைக்கும் தொலைவு ஆகியவையே. இவற்றுள் உயரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உண்மையான போட்டி ஜம்போ ராக்ஸுக்கும் இந்தியன் கோவுக்கும் இடையில்தான். ஜம்போ ராக்ஸ் 1,340 மீட்டர் உயரத்தில், 124 இடங்களுடன் பூங்காவின் நடுவே இருக்கிறது. பல இடங்களில் கூடாரத்தை ஒட்டியே பாறை எழும்பி நிற்கும்; மண்டையோட்டு வடிவத்துக்குப் பெயர்பெற்ற ஸ்கல் ராக் வரை நடந்தே போய்வரலாம். முதல்முறையாகப் போகிறவர்கள் மார்ச், ஏப்ரல் அல்லது அக்டோபரில் போவதானால் இதையே தேர்ந்தெடுக்கட்டும். டிசம்பரிலும் ஜனவரியிலுமோ இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கக்கூடும். பாறைகளுக்கு இடையே புகுந்துவரும் காற்று அந்தக் குளிரை இன்னும் கடுமையாக்கும்.

இந்தியன் கோவ் 975 மீட்டரில், பூங்காவின் வடக்கு விளிம்பில் இருக்கிறது. ஏறத்தாழ 365 மீட்டர் தாழ்ந்திருப்பதால் குளிர்காலத்தில் இங்கே குளிர் சற்றுக் குறைவு. குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துச் செல்லும் குடும்பங்களுக்கு அந்தச் சில டிகிரிகளே நிம்மதியான தூக்கத்தைத் தரும். முகாமில் குழாய் இல்லை என்றாலும், நுழைவுச் சாலையிலுள்ள ரேஞ்சர் நிலையத்தில் தண்ணீர் பிடிக்கலாம். மற்ற மூன்று முகாம்களின் அருகிலும் இந்த வசதி கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டராவது வண்டியிலேயே கொண்டுபோக வேண்டும், மலையேறினால் அதற்கும் மேல். இந்தியன் கோவின் குறை, இங்கிருந்து பூங்காவின் உட்பகுதிக்கு வண்டி போகும் பாதை இல்லாததுதான். 62ஆம் எண் நெடுஞ்சாலைக்குத் திரும்பிவந்து, ட்வென்டிநைன் பாம்ஸ் அல்லது ஜாஷுவா ட்ரீ ஊர் வழியாகச் சுற்றித்தான் உள்ளே போக முடியும். இரண்டே நாள் பயணம் என்றால் இந்தச் சுற்று பெரிய இழப்பு. மூன்று நாள் தங்குகிறவர்கள் பொருட்படுத்தத் தேவையில்லை.

ஹிட்டன் வேலி 44 இடங்கள் மட்டுமே கொண்டது. முன்பதிவும் கிடையாது, முதலில் வருகிறவருக்கே இடம். பல தலைமுறைகளாகப் பாறை ஏறுகிறவர்களின் தாய்வீடு இது. கயிறும் காலணியுமாக வருகிறவர்கள் கூடாரத்திலிருந்து சில அடி நடந்து ஏறத் தொடங்கிவிடலாம். பாறை ஏறாத குடும்பம், இடம் கிடைக்குமா என்ற கவலையோடு வெள்ளிக்கிழமை மாலை இங்கே வந்து நிற்பதில் பொருளில்லை.

ஒயிட் டாங்க் 15 இடங்களே உள்ள சின்ன முகாம். ஆர்ச் ராக் வளைவுக்கு அருகில் இருக்கிறது. இதுவும் முதலில் வருகிறவருக்கே. இந்தப் பூங்கா 2017இல் பன்னாட்டு இருள்வானப் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டது. மேற்கே நகரங்களின் வெளிச்சம் அடிவானத்தில் தங்கிவிடுகிறது. கிழக்கே போகப் போக வானம் கருக்கிறது. பால்வீதியைப் பார்ப்பதே நோக்கமென்றால், அமாவாசையை ஒட்டிய வாரநாள் ஒன்றில் நண்பகலுக்குள் ஒயிட் டாங்கைச் சேர்ந்துவிடுங்கள். நான்கு முகாம்களிலும் என் மனம் சாய்வது இதன் பக்கமே. நீளமான வேன்களுக்கு இங்கே அனுமதியில்லை என்பதால் கூட்டமும் இரைச்சலும் குறைவு.

எந்த முகாமானாலும் கீழே கிடக்கும் சுள்ளிகளைப் பொறுக்கி எரிக்கத் தடை உண்டு. விறகை வெளியே வாங்கிக்கொண்டு போக வேண்டும். பெரும்பாலான பகுதிகளில் கைபேசிச் சிக்னல் கிடைக்காததால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. பாறையில் ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கோடையில் பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது இந்த நான்கில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வார இறுதிக்கு ஜம்போ ராக்ஸும் இந்தியன் கோவும் நிரம்பிவிட்டால், குடிநீரும் ஃபிளஷ் கழிப்பறையும் உள்ள பிளாக் ராக் முகாமை முன்பதிவு செய்யலாம். அங்கே ஜாஷுவா மரங்கள் நிறைய உண்டு, பாறைக் குவியல்கள் இல்லை. அவற்றைப் பார்க்கப் பகலில் வண்டியோட்டிப் போக வேண்டும்.