கியர் லீவர் லொடலொடன்னு ஆடுதா? ‘கியர்பாக்ஸை இறக்கணும்’னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க

தர்மபுரியில் ஒரு ஒர்க் ஷாப்பில் நடந்தது. கேபிள் வகை கியர் உள்ள கார், அதாவது லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குக் கேபிள் போகும். லீவர் நியூட்ரலில் நாலா பக்கமும் ஆடியது. ஃபர்ஸ்ட்டும் ரிவர்ஸும் தேடித்தான் விழுந்தன. ஓட்டிக்கூடப் பார்க்காமல், “சிங்க்ரோ போயிடுச்சுங்க, பாக்ஸை இறக்கணும், அப்படியே கிளட்ச் செட்டும் மாத்திடலாம்” என்றார்கள். (சிங்க்ரோ என்பது கியர் கரகரக்காமல் விழ, உள்ளே வேகத்தைச் சமப்படுத்தும் பாகம்.) பில் பதினெட்டாயிரம் சொச்சம். ஆட்டம் கொஞ்ச நாள் அடங்கி, பிறகு முன்னைவிட மோசமானது. ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிப் பார்த்தால், கேபிள் முனை வளையத்துக்குள் ஆட்டமில்லாமல் பிடிக்க இருக்க வேண்டிய சின்ன நைலான் அல்லது ரப்பர் வளையமான புஷ்ஷே கிடையாது. பெட்ரோல் ஹோஸ் துண்டு ஒன்றைச் செருகிக் கம்பி சுற்றியிருக்கிறார்கள். கோளாறு எங்கே என்று தெரிந்தேதான் பாக்ஸை இறக்கியிருக்கிறார்கள்!

புஷ் சில நூறு ரூபாய்ச் சாமான். என்ஜின் சூட்டில் காய்ந்து நொறுங்கிவிடும். கேபிள் இரண்டு. இடவலமாக நகர்த்தும் கேபிளில் புஷ் போனால் ஃபர்ஸ்ட் போட நினைத்து தேர்டு விழும், ரிவர்ஸ் அகப்படாது. முன்பின்னாகத் தள்ளும் கேபிளில் போனால் கியர் முழுசாக உட்காராது, ஓட்டத்தில் கழன்று வரும்.

ஒர்க் ஷாப்புக்குப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஒருவர் உள்ளே லீவரை மெதுவாக ஆட்ட, இன்னொருவர் கியர்பாக்ஸ் மேல் கேபிள் மாட்டியிருக்கும் இடத்தைப் பார்க்கட்டும். கேபிள் முனை அசைந்து, அது மாட்டியிருக்கும் பின் (கியர்பாக்ஸ் பக்கத்து உலோக முளை) அசையாமல் நின்றால் புஷ்தான். கேபிள் முனையே அசையவில்லை என்றால் லீவர் அடியில் உள்ள புஷ்ஷையும் கேபிளையும் பாருங்கள். என்ஜின் அணைந்திருக்கும்போது சுலபமாக விழும் கியர், ஓடும்போது மட்டும் எல்லா கியரிலும் முரண்டு பிடித்தால் கிளட்ச் சரியாக விடவில்லை. ஏதோ ஒரு கியர் மட்டும் மாற்றும்போது கரகரத்தால்தான் சிங்க்ரோ பேச்சுக்கே வரணும்.

மாற்றும் வேலை பெரிதல்ல. கிளிப்பை எடுத்து, வளையத்துக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து நேராக மேலே கிளப்பணும். கேபிளைப் பிடித்து இழுத்தால் உள்கம்பி வளையும். பழைய புஷ் துணுக்குகளைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்கணும். புது நைலான் புஷ்ஷைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டு, பிளையரால் நேராக அழுத்தினால் உட்காரும். சுத்தியலால் தட்டினால் விரிசல் விட்டுவிடும். ரப்பர் புஷ்ஷாக இருந்தால் சாதாரண கிரீஸ் வேண்டாம், ஊதிப்போகும். சிலிகான் கிரீஸ் போடுங்கள். கேபிள் நீளத்தைத் தொடாதவரை தனியாகச் செட்டிங் தேவையில்லை, அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஹோஸ் துண்டு, கேபிள் டை எல்லாம் ஊருக்குள் ஓட்டும்வரை தாங்கும். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது, கியர் மாற்றும் நேரத்தில் வளையம் கழன்றால் கியர் விழாமல் வண்டி நியூட்ரலிலேயே ஓடும். என்ஜின் பிடிப்பு இல்லாமல் முழுப் பாரமும் பிரேக் மேல். லாரிகளுக்கு நடுவே அந்த இறக்கம் எப்படியிருக்கும் என்று நம்ம பக்கத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை.

“புஷ் தனியாக வராது, கேபிள் செட்டாகத்தான் வாங்கணும்” என்பார்கள். கம்பெனி ஸ்பேர்ஸில் சில மாடல்களுக்கு அது நிஜம்தான். ஆனால் வெளிச்சந்தையில் பல வண்டிகளுக்குத் தனி புஷ் உண்டு. பின்னின் விட்டம், வளைய ஓட்டையின் விட்டம், வளையத்தின் தடிமன் மூன்றையும் வெர்னியரில் (மில்லிமீட்டர் துல்லியத்துக்கு அளக்கும் கருவி) அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கிருஷ்ணகிரியில் அகப்படாவிட்டால் ஓசூரிலோ சேலத்திலோ கேளுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய புஷ்ஷைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.