கம்பெனி கைவிட்ட மொபைல் ஓஎஸ்ல எதை நம்பி ஏத்தலாம்: வெப்ஓஎஸ், ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ், உபுண்டு டச்

கம்பெனி கைகழுவின ஓஎஸ் (போனை ஓட்டுற அடிப்படை மென்பொருள்) ஒண்ணை எடுத்து, வீட்ல சும்மா கெடக்குற போன்ல ஏத்தி, தினமும் புழங்கணும்னா இன்னைக்கு தேதிக்கு நான் உபுண்டு டச்சைத்தான் சொல்லுவேன். நானே அதைத்தான் எடுத்துருக்கேன், பிக்ஸல் 3ஏ போன்ல ஓடிக்கிட்டிருக்கு. பாளையங்கோட்டைல நம்ம கூட்டாளிங்கள்ல ஒருத்தன் வெப்ஓஎஸ் பக்கம், இன்னொருத்தன் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் பக்கம், உக்காந்தா இதே பேச்சுதான். மூணையும் வச்சு நான் ஏன் இந்த முடிவுக்கு வந்தேன்னு எழுதிருதேன், பழைய போன் வச்சுருக்குறவங்களுக்கு உதவும்.

சிம்பியனை, அதாவது பழைய நோக்கியா போன்ல இருந்த ஓஎஸை, முதல்லயே ஒதுக்கிருதேன். நோக்கியா 5233 நம்ம ஊர்ல எல்லாரு கையிலயும் இருந்த போனு, அது மேல பாசம் எனக்கும் உண்டு. ஆனா 2010 பிப்ரவரில அதோட சோர்ஸ் கோடு (மூல நிரல்) மொத்தத்தையும் எல்லாருக்கும் திறந்து விட்டாங்க, அதே வருசம் டிசம்பர்ல அதை நடத்துன சிம்பியன் ஃபவுண்டேஷனோட வெப்சைட்டையே மூடிட்டாங்க. எடுத்து நடத்த ஆள் சேருறதுக்குள்ள கதை முடிஞ்சிருச்சு. மீகோங்கிற இன்னொரு கைவிட்ட ஓஎஸ்ல இருந்து வந்த செயில்ஃபிஷ் நல்ல ஓஎஸ்தான், ஆனா அடிப்பாகம் ஓப்பன், மேல நம்ம கண்ணுல படுற முகப்பு மூடின சரக்கு, அதோட சோர்ஸ் வெளிய கெடையாது. அதனால இந்தக் கணக்குல சேக்கல.

வெப்ஓஎஸ். 2009ல பாம் கம்பெனி ப்ரீ போனோட கொண்டாந்தது. அடுத்த வருசமே ஹெச்பி 120 கோடி டாலர் குடுத்து பாமை வாங்குனாங்க, 2011 ஜூலைல டச்பேட் டேப்லெட்டை இறக்குனாங்க, 49 நாள்ல அதையும் நிறுத்திட்டாங்க. டிசம்பர்ல வெப்ஓஎஸை ஓப்பன் சோர்ஸா விடுதோம்னு அறிவிப்பு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா 2012 செப்டம்பர்ல ஓப்பன் வெப்ஓஎஸ் 1.0 வந்தப்போ, ஏற்கனவே வித்த போன்லயும் டச்பேட்லயும் இது ஓடாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஏன்னா அந்த மெஷின்ல இருக்குற சிப்புக்கான டிரைவரெல்லாம் (சிப்பை ஓஎஸோட பேச வைக்கிற நிரல்) மூடின சரக்கு, அதுக்குப் பதிலா போட ஓப்பன் டிரைவர் கெடையாது. அதாவது யாரு காசு குடுத்து வாங்கிப் பிரியமா வச்சுருந்தாங்களோ அவங்களுக்குத்தான் அது கைக்கு எட்டல. அதுக்கு மேல 2015 ஜனவரில ஆப் கேட்டலாக் சர்வரையும் நிறுத்திட்டாங்க. சோர்ஸ் கோடு ஊருக்கெல்லாம் பொதுவா கெடக்கு, சர்வர் மட்டும் கம்பெனி வீட்ல இருந்துச்சு, அவங்க அணைச்ச அன்னைக்கு போன்ல புதுசா ஒரு ஆப் இறக்க அந்தப் பழைய வழி அடைஞ்சி போச்சு.

2013ல எல்ஜி அதை டிவிக்குன்னு வாங்கிக்கிட்டாங்க. இன்னைக்கு நெல்லைல எத்தனை வீட்ல எல்ஜி ஸ்மார்ட் டிவில நாடகம் பாக்குதாவ, அதுல பெரும்பாலான வீட்ல பாம் கம்பெனியோட வாரிசுதான் ஓடுது. 2018 மார்ச்ல எல்ஜி திரும்பவும் ஓப்பன் சோர்ஸ் எடிஷன் ஒண்ணு விட்டாங்க, நல்ல காரியம், ஆனா அது போனுக்குன்னு செஞ்சது கெடையாது. போன்ல அந்தப் பழைய வெப்ஓஎஸ் வேணும்னா லூன்ஓஎஸ் தான், வெப்ஓஎஸ் போர்ட்ஸ்னு ஒரு சின்னக் கூட்டம் 2014ல இருந்து இழுத்துக்கிட்டு வருது. நான் நெக்ஸஸ் 5ல ஏத்திப் பாத்தேன் (அந்தப் போனும் எல்ஜி செஞ்சதுதான்). கீழருந்து விரலை மேல தள்ளுனா ஓடிக்கிட்டிருக்குற ஆப் சுருங்கி ஒரு கார்டா நிக்கும், பக்கத்துல அடுத்த கார்டு, அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு, வேண்டாததை மேல சுண்டி விட்டா காத்துல பறந்து போயிரும். இன்னைக்கு ஆண்ட்ராய்டுலயும் ஐபோன்லயும் நாம ஆப்பை மேல தள்ளி மூடுதோம்லா, அதை 2009லயே இப்படி செஞ்சு வச்சுருக்காங்க. அழகுன்னா இதுதான் அழகு, நம்ம கூட்டாளி சொல்லுறதுல தப்பே இல்ல. ஆனா வேலை செய்ய ஆள் ரொம்பக் கம்மி, தினசரிப் போனா அதை வச்சுக்கிட முடியல. லினக்ஸுக்குன்னே செஞ்ச பைன்போன்லயும் லூன்ஓஎஸ் ஓடும், அதுல நான் பாத்ததில்ல, அதனால அதைப் பத்தி எதுவும் சொல்லல.

ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் கதை வேற மாதிரி. நம்ம நாட்டுல 2014 ஆகஸ்ட்ல இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் 1,999 ரூவாய்க்கு வந்துச்சு, 128 எம்பி ரேம், அதுல ஒரு முழு ஸ்மார்ட்போன் ஓட்டணும்னு பாத்தாங்க. 2015 டிசம்பர்ல, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் செய்யுற மோசில்லா, போன் விக்கிறதை நிறுத்துதோம்னு சொல்லிட்டாங்க, பொறவு கெக்கோங்கிற அவங்க பிரவுசர் எஞ்சினோட மெயின் கோடுல இருந்து போனுக்கான பகுதியையும் எடுத்துட்டாங்க. இங்கதான் உயிர் போச்சு. ஏன்னா அந்த ஓஎஸ்ல பிரவுசர்தான் எல்லாமே, டயலர் வெப் பக்கம், செட்டிங்ஸ் வெப் பக்கம், ஹோம் ஸ்கிரீனே வெப் பக்கம். பிரவுசர் எஞ்சின் பழசாச்சுன்னா போனே பழசாச்சு. சாதாரண போன்ல பிரவுசர் பழசாச்சுன்னா வேற பிரவுசர் போட்டுக்கிடலாம், இதுல போட இடமே கெடையாது.

ஆனா எண்ணிக்கைல ஜெயிச்சது இதுதான். அந்தக் கோடை எடுத்து கைஓஎஸ்னு பட்டன் போனுக்கு மாத்துனாங்க, 2017ல 1,500 ரூவா டெபாசிட்டுக்கு ஜியோபோன் வந்துச்சு, மேலப்பாளையத்துல பீடி சுத்துற அக்காமாரு கைல இருந்து சங்கரன்கோவில் பக்கம் காட்டு வேலைக்குப் போறவங்க கை வரைக்கும் போய்ச் சேந்துச்சு. உலகம் முழுக்க பத்து கோடி போனுக்கு மேல கைஓஎஸ் போயிருக்கு. லூன்ஓஎஸ், உபுண்டு டச் ரெண்டையும் சேத்தாலும் அதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது, அதை ஒத்துக்கிடணும்.

அப்புறம் ஏன் வேண்டாம்னு சொல்லுதேன்னா, லைசென்ஸ். கெக்கோ எஞ்சின் எம்பிஎல் லைசென்ஸ்ல இருக்கு, எந்த ஃபைலை மாத்தி அடுத்தவங்களுக்குக் குடுத்தாலும் அந்த ஃபைலோட சோர்ஸையும் குடுக்கணும். மேல இருக்குற கையாங்கிற (Gaia) அடுக்கு, அதாவது நாம தொட்டுப் புழங்குற முகப்பும் ஆப்பும், அப்பாச்சி லைசென்ஸ், மாத்திட்டு மூடி வச்சுக்கிடலாம். அதனால எஞ்சின் கோடு கிடைக்கும், போன் கிடைக்காது. ஜியோபோன்ல நாமளே எழுதுன ஆப் ஒண்ணை நேரா ஏத்திப் பாக்கக்கூட வாசல் திறந்து வைக்கல. பெத்த ஓஎஸ் ஓப்பனா இருந்தும் பிள்ளையைத் தொட முடியல.

இப்ப உபுண்டு டச். உபுண்டு லினக்ஸ் செய்யுற கனோனிக்கல் கம்பெனி 2013ல அறிவிச்சாங்க, அதே வருசம் உபுண்டு எட்ஜ் போனுக்கு 3.2 கோடி டாலர் கேட்டு 1.28 கோடிதான் சேந்துச்சு, 2015ல பிக்யூ கம்பெனி போன்ல வந்துச்சு, 2017 ஏப்ரல் 5ந் தேதி நிறுத்துதோம்னு கனோனிக்கல் நிறுவனர் ஷட்டில்வொர்த் எழுதிட்டார். இது வரைக்கும் மத்த ரெண்டு கதைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் கெடையாது.

வித்தியாசம் எங்க இருக்குன்னா, கனோனிக்கல் கைவிடுறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே, 2015லயே, மரியஸ் கிரிப்ஸ்கோர்ட்னு ஒருத்தர் யூபிபோர்ட்ஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சு ஒன்பிளஸ் ஒன் மாதிரி கனோனிக்கல் தொடாத போனுக்கெல்லாம் உபுண்டு டச்சைக் கொண்டு போயிக்கிட்டிருந்தார். கம்பெனி போனப்போ பில்ட் பண்ணத் தெரிஞ்ச ஆள், டெஸ்ட் பண்ணுற ஆள் எல்லாம் ஏற்கனவே வேலைல இருந்தாங்க. 2017 ஜூன்லயே அவங்க பேர்ல முதல் அப்டேட் வந்துருச்சு. வெப்ஓஎஸ்க்கும் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்க்கும் கிடைக்காதது இதுதான். குளத்தை ஊருக்குன்னு எழுதி வச்சுட்டா தண்ணி வந்துருமா, மடையை யாரு பாக்கது, கால்வாயை யாரு தூர் வாருதுன்னு ஆள் வேணும்லா, தாமிரபரணிப் பாசனத்துல இருக்குற நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்ல. ஓப்பன் சோர்ஸ்ங்கிறது எழுதி வைக்கிறது மட்டும்தான், தூர் வாருறது தனி வேலை.

அந்த வேலை எவ்வளவு பெரிசுன்னு ஒண்ணு சொல்லுதேன். யூபிபோர்ட்ஸ் கைக்கு வந்தப்போ உபுண்டு டச்சோட அடித்தளம் உபுண்டு 15.04. அதை 2018 ஆகஸ்ட்ல 16.04க்கு மாத்துனாங்க. 16.04க்கு உபுண்டுவோட சாதாரண சப்போர்ட் 2021 ஏப்ரல்ல முடிஞ்சி போச்சு, 20.04க்குப் போயே ஆகணும், ஆனா நடுவுல போன் ஆனதும் எல்லாத்தையும் ஓட வைக்கிற அப்ஸ்டார்ட்டைத் தூக்கிட்டு அந்த இடத்துல சிஸ்டம்டி போடணும், எல்லா ஆப்பையும் திரும்ப பில்ட் பண்ணணும். 20.04 கைக்கு வந்தது 2023 மார்ச்ல. பெரும்பாலும் காசு வாங்காம சாயங்கால நேரத்துல வேலை செய்யுற ஆளுங்க, பைய பைய செஞ்சு முடிச்சுட்டாங்க. பொறவு 24.04க்கும் நகந்துட்டாங்க. நடுவுல உபுண்டு டச்சோட முகப்பான யூனிட்டி 8க்கு லோமிரின்னு பேர் வச்சு டெபியன்ங்கிற பெரிய லினக்ஸ் ஓஎஸுக்குள்ளயும் கொண்டு சேத்துட்டாங்க, அதனால நாளைக்கு யூபிபோர்ட்ஸே இல்லாமப் போனாலும் அந்த முகப்பு வேற இடத்துல இருக்கும்.

இதுலயும் ஒரு கசப்பு உண்டு, மறைக்கக் கூடாது. அந்த நெக்ஸஸ் 5ல உபுண்டு டச்சும் ஓடுச்சு, ஆனா 16.04 வரைக்கும்தான். 20.04 வந்தப்போ அதுக்கு வரல. காரணம் கெர்னல், அதாவது ஓஎஸுக்கு அடியில இருந்து ஹார்டுவேரைப் பாத்துக்கிடுற மையப் பகுதி. நெக்ஸஸ் 5ல இருக்குறது 3.4 கெர்னல், கம்பெனி அன்னைக்குக் குடுத்ததோட சரி. உபுண்டு டச்சும் லூன்ஓஎஸும் பெரும்பாலான போன்ல, அதுல இருக்குற ஆண்ட்ராய்டு டிரைவரை ஹேலியம்னு ஒரு அடுக்கு வழியாத்தான் புழங்குது, கேமரா, வைஃபை, மோடம் எல்லாத்துக்கும் அந்தப் பழைய டிரைவர்தான் கதி. புது உபுண்டு கேக்குற வசதி பழைய கெர்னல்ல இல்லன்னா அந்தப் போன் அங்கயே நின்னுரும். பிக்ஸல் 3ஏல 4.9 கெர்னல், அதனால அது தாண்டி வந்துருச்சு. அப்ப நீங்க பாக்க வேண்டியது ஓஎஸ் பேரை மட்டும் இல்ல, உங்க மாடலுக்கு இப்பவும் ஒரு ஆள் போர்ட்டை (அந்த மாடலுக்குன்னு மாத்தி அமைச்ச ஓஎஸை) பாத்துக்கிடுறாரா, எந்த வெர்ஷன்ல நிக்கி, அதைத்தான். யூபிபோர்ட்ஸ் வெப்சைட்டோட டிவைஸ் பக்கத்துல ஒவ்வொரு மாடலுக்கும் எது வேலை செய்யுது எது செய்யலன்னு வரிசையாப் போட்டுருக்காங்க, ஏத்துறதுக்கு முன்னாடி அதை ஒரு வரி விடாமப் படிங்க.

புழங்குறது எப்படின்னா, இடது ஓரத்துல இருந்து விரலை இழுத்தா ஆப் வரிசை, வலது ஓரத்துல இருந்து இழுத்தா ஓடுற ஆப் எல்லாம் விசிறி மாதிரி சாஞ்சி நிக்கும், ரெண்டே நாள்ல கைக்குப் பழகிரும். டெலிகிராமுக்கு, உபுண்டு டச்சோட ஆப் கடையான ஓப்பன்ஸ்டோர்லயே ஆப் இருக்கு. டெர்மினல் ஆப் திறந்தா நிஜமான லினக்ஸ், நான் அதுல இருந்துதான் வீட்டு சர்வரைப் பாத்துக்கிடுதேன்.

வண்ணார்பேட்டைல செல்போன் கடை வச்சுருக்குற அண்ணாச்சி போனைக் கைல வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ரெண்டே கேள்விதான் கேட்டாரு.

“இதுல வாட்சப் வருமா தம்பி?”

“நேரா வராது அண்ணாச்சி, வேடிராய்டுன்னு ஒண்ணு போட்டு ஆண்ட்ராய்டை உள்ள ஓட்டலாம், அதுல வரும்.”

“ஜியோ சிம்மு?”

ரெண்டாவது கேள்விதான் உண்மையான கேள்வி. ஜியோக்கு 2ஜி, 3ஜி கெடையவே கெடையாது, கால் போகணும்னா வோல்டி (4ஜி வழியாவே பேசுற வசதி) வேணும். வோல்டி ஒவ்வொரு சிப் கம்பெனிக்காரனும் தன் மூடின கோடுல செய்யுறது, உபுண்டு டச்ல பெரும்பாலான மாடல்ல அது இல்ல. பிக்ஸல் 3ஏல ஜியோ சிம் போட்டா நெட் வரும், கால் வராது. ஏர்டெல் சிம்ல கால் வரும்போது 2ஜிக்கு இறங்கிப் பேசும், பேசி முடிஞ்சதும் 4ஜிக்கு ஏறும், பேசுற நேரத்துல நெட் நிக்கும். டவுன்ல, ஜங்ஷன்ல, பாளைல எனக்கு இது தொந்தரவு பண்ணல. மலை ஓரமா பாபநாசம், மாஞ்சோலை பக்கமெல்லாம் இந்தப் போனை மட்டும் நம்பி நான் போனதில்ல, அங்க எப்படின்னு என்னைக் கேக்காதீங்க. யூபிஐ ஆப்புக்கும் இதை நம்ப வேண்டாம், பேங்க் ஆப்பெல்லாம் கூகுள் சான்றிதழ் இருக்குற போனான்னு பாக்கும், வேடிராய்டுக்குள்ள அது நிக்காது. அதனால ஒரே ஒரு போன் வச்சுருக்குறவங்க இதுக்கு மாற வேண்டாம், ரெண்டாவது போனா வைங்க.

பழைய பிக்ஸல் 3ஏ வாங்கப் போறீங்கன்னா ஒண்ணு மட்டும். கடைலயே வைஃபைல கனெக்ட் பண்ணி, செட்டிங்ஸ்ல டெவலப்பர் ஆப்ஷன் திறந்து, ஓஈஎம் அன்லாக்கிங் பட்டனை நகட்டிப் பாருங்க. மங்கலா இருந்து நகரலன்னா அது பெரும்பாலும் அமெரிக்காவுல வெரைசன் வித்த போனு, சுத்தி வந்து சேந்துருக்கும், அதுல பூட்லோடர் திறக்காது, வேற ஓஎஸ் ஏத்த முடியாது, எவ்வளவு கொறச்சுக் குடுத்தாலும் வைங்க அண்ணாச்சின்னு சொல்லிட்டு வந்துருங்க. நகந்துச்சுன்னா வாங்கி வீட்டுக்கு வந்ததும் முதல்ல ஆண்ட்ராய்டு 9க்கு இறக்குங்க, உபுண்டு டச் அந்த வெர்ஷனோட டிரைவரைத்தான் தேடும், பொறவு யூபிபோர்ட்ஸ் இன்ஸ்டாலர்ல கேபிளைச் சொருகுங்க.