சி-ஸ்பான் காணொளிக் காப்பகம்: விவாத மேடை உளறல்களை எடைபோட எவ்வளவு உதவும்?

விவாத மேடையில் ஒரு வேட்பாளர் உளறிவிட்டால், அந்தப் பத்து விநாடியை மட்டும் வெட்டியெடுத்துக் காலத்துக்கும் சுற்றவிடுவார்கள். அதற்கு முன் கேட்கப்பட்ட கேள்வி, அதற்குப் பின் எதிராளி சொன்ன பதில் இரண்டும் காணாமல் போய்விடும். அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதங்களின் அந்த முன்னையும் பின்னையும் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கும் இடம் சி-ஸ்பான் தொலைக்காட்சியின் காணொளிக் காப்பகம். ஓர் உளறல் பிரசாரத்தை எந்த அளவுக்குக் குலைத்தது என்று அறிய இது போதுமா என்பதே இந்த மதிப்பீட்டின் கேள்வி. போதாது. ஆனால் இது இல்லாமல் தொடங்கவும் முடியாது.

சி-ஸ்பான் 1979இல் தொடங்கிய லாப நோக்கமற்ற கேபிள் சேனல். அதன் ஒளிபரப்புகளை 1987 முதல் இண்டியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் தொகுத்து வைத்தார்கள். 2010இல் மொத்தத்தையும் இணையத்தில் திறந்துவிட்டார்கள். பார்க்கக் கட்டணம் இல்லை. துண்டு வெட்டிச் சேமிக்க மட்டும் ஓர் இலவசக் கணக்கு வேண்டும்.

முதல் எரிச்சல் தேடுபெட்டியில். "அதிபர் விவாதம்" என்று ஆங்கிலத்தில் அடித்தால் விவாதத்தைவிட, விவாதத்தைப் பற்றிப் பேசிய அரட்டை நிகழ்ச்சிகளே முன்னால் வந்து நிற்கும். விவாதம் நடந்த தேதியைக் கொடுத்து வடிகட்டுவதே சுலபம். அந்தத் தேதிகளை, அதிபர் தேர்தல் விவாதங்களை நடத்திவந்த அமைப்பான விவாத ஆணையத்தின் தளத்தில் எடுத்துக்கொள்ளலாம். 1960, பிறகு 1976 முதல் 2020 வரையான பொதுத்தேர்தல் விவாதங்கள், நடந்த இடம், கேள்வி கேட்டவர்கள், எழுத்து வடிவம் எல்லாம் அங்கே உண்டு.

காப்பகத்தில் காணொளிக்குக் கீழே பேச்சின் எழுத்து வடிவம் ஓடும். அதற்குள் ஒரு சொல்லைத் தேடி, வரியைத் தொட்டால் படம் அந்த இடத்துக்குத் தாவும். இந்த ஒரு வசதிக்காகவே தளத்தைப் பாராட்டலாம். ஆனால் அந்த எழுத்து, திரையில் ஓடும் வசனப்பட்டையிலிருந்து அப்படியே எடுத்தது, யாரும் சரிபார்த்ததில்லை. பெயர்கள் சிதையும், இருவர் பேச்சு ஒன்றாகக் கலக்கும். இடத்தைக் கண்டுபிடிக்க அதை நம்பலாம், மேற்கோள் காட்ட நம்பக்கூடாது. மேற்கோளுக்கு விவாத ஆணையத்தின் எழுத்து வடிவமோ, சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் 'அமெரிக்க அதிபர் பதவித் திட்டம்' என்ற ஆவணத் தளமோதான் சரி.

கருவியைச் சோதிக்க 1976 அக்டோபர் 6ஐவிட நல்ல நாள் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜெரால்ட் ஃபோர்டுக்கும் ஜிம்மி கார்ட்டருக்கும் நடந்த இரண்டாவது விவாதம். "கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை, ஃபோர்ட் ஆட்சியில் ஒருநாளும் இருக்காது" என்று பதவியில் இருந்த அதிபர் சொன்ன துண்டை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அப்போது கிழக்கு ஐரோப்பா சோவியத் பிடியில்தான் இருந்தது. எனவே அந்தத் துண்டை மட்டும் பார்ப்பவருக்கு ஃபோர்ட் உலக வரைபடமே தெரியாதவர் போலத் தோன்றும். ஐந்து நிமிடம் பின்னால் ஓட்டிப் பாருங்கள். நியூயார்க் டைம்ஸின் மேக்ஸ் ஃபிராங்கல், ஐரோப்பிய எல்லைகளை மதிப்பதாக 1975இல் ஹெல்சிங்கியில் செய்த உடன்பாட்டில் கையெழுத்திட்டதன் மூலம் கிழக்கு ஐரோப்பாவில் ரஷ்ய ஆதிக்கத்தை அமெரிக்கா ஏற்றுக்கொண்டதாக ஆகவில்லையா என்ற தொனியில் கேட்கிறார். ஃபோர்ட் அதை மறுக்கப் போகிறார்: 35 நாடுகள் கையெழுத்திட்டன, வாட்டிகனும் அதில் உண்டு, போப்பாண்டவர் அப்படி ஒன்றுக்குச் சம்மதிப்பாரா என்கிறார். இதுவரை தயாரித்து வந்த பதில்தான், ஒழுங்காகவே ஓடுகிறது. "ஆதிக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை" என்று முடியவேண்டிய பேச்சு "ஆதிக்கமே இல்லை" என்று முடிந்ததில்தான் கோளாறு.

அதன்பின் நடப்பது இன்னும் முக்கியம். ஃபிராங்கல் காதில் விழுந்ததை நம்பமுடியாதவராக, நீங்கள் சொன்னது இதுதானா என்று மறுபடி கேட்கிறார். தப்பிக்க வழி திறந்தே இருந்தது. ஃபோர்ட் அதில் நுழையாமல், யூகோஸ்லாவியர்களோ ருமேனியர்களோ போலந்துக்காரர்களோ தாங்கள் சோவியத் ஆதிக்கத்தில் இருப்பதாக நினைக்கவில்லை என்று நாடு நாடாகப் பட்டியல் போடுகிறார். முதல் வாக்கியத்தை வாய்தவறல் என்று விட்டுவிடலாம். இரண்டாவதை அப்படி விட வழியில்லை. அடுத்து கார்ட்டர், இங்குள்ள போலந்து, செக், ஹங்கேரிய வம்சாவளியினரிடம் ஃபோர்ட் இதைச் சொல்லி நம்பவைக்கட்டும் என்று ஒரே அடியில் அதை வாக்குவங்கிக் கணக்காக மாற்றிவிடுகிறார். துண்டுக் காணொளிகளில் கார்ட்டரின் இந்தப் பதில் பெரும்பாலும் இருக்காது. தேர்தல் வேலை செய்பவர்கள் படிக்கவேண்டியதோ அதைத்தான்.

காப்பகம் இங்கே கைவிட்டுவிடுகிறது. உளறலின் சேதம் மேடையில் நடக்கவில்லை. அன்றிரவே விசாரித்தபோது ஃபோர்ட் வென்றார் என்று சொன்னவர்களே அதிகம். ஒரு நாள் முழுக்கச் செய்தியில் அந்த வாக்கியம் ஓடிய பிறகு மறுநாள் மாலை கணிப்பு தலைகீழானது. விவாதம் முடிந்த இரவே நிருபர்கள் ஃபோர்டின் ஆட்களிடம் போலந்தில் சோவியத் படைகள் இல்லையா என்று துளைத்தெடுத்தார்கள். ஃபோர்ட் அரைகுறையாக விளக்கிக்கொண்டே போய், தெளிவாக ஒப்புக்கொள்ளக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆனது. இதெல்லாம் சி-ஸ்பானில் கிடைக்காது. 1976இல் அந்தச் சேனலே இல்லை. விவாதத்தின் பதிவு மட்டும் பின்னால் வந்து சேர்ந்தது.

இந்த ஓட்டையை அடைக்க நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் தொலைக்காட்சிச் செய்திக் காப்பகம் வேண்டும். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி மாலைச் செய்திகளை 1968 ஆகஸ்ட் 5 முதல் பதிந்துவருகிறார்கள். ஒவ்வொரு செய்தியின் சுருக்கமும் நேரக்குறிப்போடு இலவசமாகப் படிக்கக் கிடைக்கும். படத்தைப் பார்க்கத்தான் சந்தா செலுத்தும் கல்லூரியில் இருக்கவேண்டும், அல்லது கட்டணம் கட்டி இரவல் வாங்கவேண்டும். சுருக்கமே போதும். அக்டோபர் 7இலிருந்து நாள்தோறும் அந்த வாக்கியம் எத்தனை முறை, எந்த இடத்தில் வருகிறது என்று எண்ணினால், பிரசாரம் எத்தனை நாள் வேறு எதையும் பேசமுடியாமல் முடங்கியது என்பது தெரிந்துவிடும். 2009க்குப் பிந்தைய உளறல்களுக்கு இன்டர்நெட் ஆர்கைவ் நிறுவனத்தின் தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் இதே வேலையை வசனப்பட்டைத் தேடலால் இன்னும் வேகமாக முடிக்கலாம்.

அப்படியானால் அந்த வாக்கியம்தான் ஃபோர்டைத் தோற்கடித்ததா? உறுதியாகச் சொல்வோரை நம்பவேண்டாம். கோடையில் 30 புள்ளிக்கு மேல் பின்தங்கியிருந்தவர், உளறலுக்குப் பிறகும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்து 2 சதவீதத்தில் தோற்றார். மறுபக்கம், ஒஹாயோவில் சுமார் 11,000 வாக்கு, விஸ்கான்சினில் சுமார் 35,000 வாக்கு வித்தியாசம். அதிபர் யார் என்பதை மாநிலவாரிக் கணக்கே முடிவுசெய்வதால், இந்த இரண்டும் மாறியிருந்தால் அவரே அதிபர். விஸ்கான்சினில் போலந்து வம்சாவளியினர் ஏராளம். ஏறிக்கொண்டிருந்த பிரசாரத்துக்கு ஒரு வாரம் வீணானது என்பதுவரை நிச்சயம்.

எழுத்து வடிவம் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் 2000 அக்டோபர் 3, பாஸ்டன் விவாதத்தைப் படித்துவிட்டுப் பிறகு பார்க்கவேண்டும். படித்தால் அல் கோர் விவரம் தெரிந்தவர். பார்த்தால், ஜார்ஜ் புஷ் பேசும்போதெல்லாம் பெருமூச்சு விட்டுக் கண்ணை உருட்டும் வாத்தியார். பெருமூச்சை யாரும் தட்டச்சு செய்வதில்லையே. 1992 அக்டோபர் 15, ரிச்மண்டில் மூத்த புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் எழுத்தில் இல்லை. ஆனால் கேள்வி தனக்குப் புரியவில்லை என்று அவர் திணறிய வரிகள் எழுத்தில் உண்டு. வாக்காளர் கண்ணில் அந்தத் திணறலும் கடிகாரமும் சேர்ந்தே பதிந்தன. 2012 முதல் 2020 வரையான பொதுத்தேர்தல் விவாதங்களில் சி-ஸ்பான் இருவரையும் திரையின் இரு பாதிகளில் காட்டியது. கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தை ஆராய இதைவிட நல்ல பதிவு கிடையாது. மற்ற சேனல்களில் எந்த முகம் எப்போது தெரியவேண்டும் என்பதை இயக்குநர் முடிவுசெய்கிறார்.

எழுத்து மிஞ்சும் இடமும் உண்டு. 2016 பிப்ரவரி 6, நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த குடியரசுக் கட்சியின் உட்கட்சி விவாதத்தில் மார்கோ ரூபியோ ஒபாமாவைப் பற்றிய ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மனப்பாடம் செய்த பேச்சு என்று சக போட்டியாளர் கிறிஸ் கிறிஸ்டி நக்கலடித்த பிறகும் அதையே சொன்னார். சாண்டா பார்பரா தளத்தில் அந்த விவாதத்தைத் திறந்து, வசனத்தின் ஒரு சொல்லைத் தேடுங்கள், வரிசையாக எழும்பும். முதலில் வாக்களித்த அயோவாவில் மூன்றாவதாக வந்து ஏறுமுகத்தில் இருந்தவர், மூன்றே நாளில் நியூ ஹாம்ப்ஷயர் வாக்குப்பதிவில் ஐந்தாம் இடம். தவறு தன்னுடையது என்று முடிவு வந்த இரவே ஒப்புக்கொண்டார். ஆனால் வாக்குப்பதிவு முடிந்திருந்தது. ஃபோர்டுக்கு நான்கு வாரம் மிச்சமிருந்தது, ரூபியோவுக்கு மூன்று நாள். உட்கட்சித் தேர்தலில் சறுக்கல் அதிகம் வலிப்பதற்கு இந்த நெருக்கம் ஒரு காரணம். ஒரே கட்சிக்குள் வேறு ஆளுக்குத் தாவ வாக்காளருக்குத் தயக்கம் இல்லை என்பது இன்னொன்று.

உட்கட்சி விவாதங்களில் சி-ஸ்பானை நம்பிப் போகாதீர்கள். உரிமை அந்தந்தச் சேனலிடம் இருக்கும். முழுப் பதிவு பலதும் இங்கே கிடைக்காது. 2011 நவம்பர் 9 அன்று மிச்சிகனில், தான் அதிபரானால் மூடப்போவதாகச் சொன்ன மூன்று அரசுத் துறைகளில் மூன்றாவதை ரிக் பெர்ரி மறந்த விவாதத்தை சிஎன்பிசி நடத்தியது. அதற்கும் எழுத்துதான் துணை. கூடவே செப்டம்பர் விவாதங்களையும் படிக்கவேண்டும்: ஆவணமில்லாக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கான கல்லூரிக் கட்டணச் சலுகையை எதிர்ப்பவர்களுக்கு இதயமே இல்லை என்ற பொருளில் பேசி, சொந்தக் கட்சிக்காரர்களிடமே பெர்ரி ஏற்கெனவே சரிந்திருந்தார். சாய்ந்துகொண்டிருந்த மரத்தில் விழுந்த கடைசி வெட்டுதான் அந்த மறதி.

2024இன் இரண்டு விவாதங்களை அடுத்தடுத்துப் பார்ப்பது இந்தக் கருவியின் எல்லையை நன்றாகக் காட்டும். ஜூன் 27, அட்லாண்டா: பார்வையாளர் இல்லை, ஒருவர் பேசும்போது மற்றவர் மைக் அணைந்திருக்கும். ஜோ பைடன் வாக்கியத்தின் நூலை விட்டுவிட்டு "மெடிகேரைத் தோற்கடித்தோம்" என்று, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டையே வென்றதுபோல முடிக்கிறார். எழுத்தில் அது ஒரு தடுமாற்றம். திரையில் கம்மிய குரலும் திறந்த வாயும். ஜூலை 21இல் போட்டியிலிருந்தே விலகினார். செப்டம்பர் 10, ஃபிலடெல்ஃபியா: ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் நாய்களைத் தின்கிறார்கள் என்று டொனால்ட் டிரம்ப் சொல்ல, அப்படி நம்பத்தகுந்த தகவல் இல்லை என்று நெறியாளர் அங்கேயே திருத்துகிறார். நவம்பரில் டிரம்ப் வென்றார். பைடனின் சறுக்கல், வயதைப் பற்றி வாக்காளர் ஏற்கெனவே கொண்டிருந்த ஐயத்துக்குச் சான்றாக அமைந்தது. சொந்தக் கட்சியினரே அவரைக் கைவிட்டார்கள். டிரம்ப் அப்படித்தான் பேசுவார் என்பது அவருக்கு வாக்களிப்போருக்குப் பழகிப்போன செய்தி. இந்த வேறுபாடு எந்தக் காணொளியிலும் தெரியாது. முந்தைய மாதங்களின் கருத்துக்கணிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பார்க்கவேண்டும். இந்த இரண்டையும் விவாத ஆணையம் நடத்தவில்லை. அதனால் அதன் தளத்தில் தேடாமல், எழுத்துக்கு நேராக சாண்டா பார்பராவுக்குப் போங்கள்.

செய்தித் தொடர்பாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்கும் அரசியல் செய்தியாளர்களுக்கும் சி-ஸ்பான் காப்பகம் தாராளமாகப் பரிந்துரைக்கத்தக்கது. துண்டு வெட்டும் வசதியைப் பயன்படுத்துவோர் தொடக்கக் குறியை உளறலில் வைக்காமல் கேள்வியில் வைக்கவும், முடிவுக் குறியை எதிராளியின் பதில் முடிந்தபின் வைக்கவும்.