பிடி-எல்1 பரிசோதனை: எண் உடனே வந்தது, விளக்கம் கேட்ட பிறகே வந்தது

அம்மாவின் நுரையீரல் கட்டியிலிருந்து பயாப்ஸியில் எடுத்த திசுவை, நோயெதிர்ப்பு மருந்து பலிக்குமா என்று கணிக்க உதவும் பிடி-எல்1 பரிசோதனைக்குக் கொடுத்திருந்தோம். இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் அந்த ஆய்வகத்தின் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அறிக்கை ஒரே பக்கம். டிபிஎஸ் 60 சதவீதம், குளோன் 22சி3 (சாயமிடப் பயன்பட்ட எதிர்ப்பொருளின் பெயர்) என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அந்த எண் நல்லதா கெட்டதா என்றுகூடத் தெரியாமல் இரண்டு நாள் தவித்தோம். புற்றுச் செல்களில் நூற்றுக்கு எத்தனை, பிடி-எல்1 புரதத்தைத் தம் மேற்பரப்பில் ஏந்தியிருக்கின்றன என்பதே அந்த எண். அந்தப் புரதம், புற்றைத் தாக்கும் நோயெதிர்ப்புச் செல்லான டி செல்லின் பிடி-1 ஏற்பியோடு இணைந்து தாக்குதலை அடக்குகிறது. பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்து அந்த இணைப்பைத் தடுக்கிறது. இவ்வளவையும் அறிக்கையின் அடியிலேயே அச்சிட்டிருக்கலாம்.

தொலைபேசியில் கேட்டபோது, நோய்க்குறியியல் மருத்துவர் அரை மணி நேரம் ஒதுக்கி ஸ்லைடைத் திரையில் காட்டினார். இதற்காகவே இந்தச் சேவையைப் பரிந்துரைக்கிறேன். புற்றுச் செல்களைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் மெல்லிய வளையங்கள் தெரிந்தன. கட்டியின் ஓரத்து நார்த்திசுவிலோ கருநீலப் புள்ளிகளாக லிம்போசைட்டுகள் (டி செல்களும் அடங்கிய வெள்ளணுக்கள்) குவிந்து நின்றன, உள்ளே சிலவே இருந்தன. “வாசல்வரை வந்துவிட்டன அம்மா, உள்ளே போகத்தான் முடியவில்லை” என்றார் அவர். இடையிடையே பழுப்பேறிய மேக்ரோஃபேஜ்களையும் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) சுட்டிக்காட்டி, காக்க வேண்டிய இந்தச் செல்களையே கட்டி தன் பக்கம் திருப்பிக்கொண்டு, புதிய ரத்தக் குழாய்களை வளர்க்கவும் டி செல்களை அடக்கவும் பயன்படுத்திக்கொள்ளும் என்றும், டிபிஎஸ் கணக்கில் இவை சேராது, நோயெதிர்ப்புச் செல்களையும் எண்ணும் சிபிஎஸ் கணக்கில் சேரும் என்றும் விளக்கினார். எண் உயர்ந்திருந்தும் மருந்து பலிக்காதவர்களும், குறைந்திருந்தும் பலித்தவர்களும் உண்டு என்பதை அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

லிம்போசைட்டுகளில் கொல்லும் டி செல்கள் எவை என்று காட்டும் சிடி8 சாயம் இந்தப் பரிசோதனையில் சேரவில்லை. சேர்த்தால் நன்றாக இருக்கும்.

கொடுப்பதற்கு முன், திசுவில் குறைந்தது 100 உயிருள்ள புற்றுச் செல்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் மதிப்பிட முடியாது. இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணு மாற்றங்கள் இல்லை என்று உறுதியான பிறகே எங்கள் மருத்துவர் மருந்தை முடிவு செய்தார். பயாப்ஸித் துண்டு மிகச் சிறியது என்பதால், மூன்று பரிசோதனைகளுக்கும் சேர்த்தே திசுவை ஒதுக்கச் சொல்லிவிடுங்கள்.